வரிக்கென்று எடுத்து வைத்தது

ஆகஸ்ட் 11

மூன்றாம் மாடி வீட்டுக் குளியலறை வேலை முடிந்து கூலி வந்தது. ஒன்பதாயிரம். கை கழுவும் முன்பே இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார். "இந்தா கணக்கம்மா, ஆரம்பி உன் வெட்டுக்குத்தை" என்றார்.

ஆண்டவர் பங்கு முதலில், தொள்ளாயிரம். அடுத்தது வரிக்கு, ஐந்தில் ஒன்று, ஆயிரத்து எண்ணூறு. மிச்சம்தான் வாடகைக்கும் வயிற்றுக்கும்.

கம்பெனியில் இவர் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த பதினாறு வருஷமும் இந்தத் தலைவலி இல்லை. இந்த ஜனவரியில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்த பிறகு எல்லாம் நம் தலையில். வருஷம் முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும், மார்ச் கடைசிக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். நடுவில் யாரும் வந்து ஞாபகப்படுத்த மாட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். நூலகத்திலிருந்து வரி அலுவலகத்தின் கையேட்டை எடுத்து வந்து, மகளிடம் அகராதி வாங்கி, ஒரு மாதம் படித்தேன். எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பது புரிந்தது.

வரிப் பணத்துக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு. அதற்கு அவர்கள் அனுப்பிய கார்டை வந்த அன்றே நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். காணிக்கைப் பணத்தின் மேல் கை வைத்து ஜெபிப்பது போலவே இதன் மேலும் ஜெபிக்கிறேன். இது எங்களுடையது அல்ல ஆண்டவரே, எங்கள் கை இதன் மேல் படாதிருக்கட்டும்.

இவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தார். "கவர்ன்மெண்ட் பணத்துக்கு ஜெபம் பண்ற ஒரே ஆள் நீதான்" என்றார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து நாத்தனார் எங்களோடு சாப்பிட வந்தாள். இவருடைய ஒரே தங்கை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைக்கிறாள். வரிப் பேச்சு எடுத்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணி, நான் இருபது வருஷமா தைக்கிறேன். எவன் வந்து என்னைக் கேட்டான்?"

"உன் மெஷின் சத்தத்துக்குப் பயந்து வாசலோட ஓடிருப்பான்" என்றார் இவர்.

"நீ சும்மா இரு அண்ணா. மாசாமாசம் சுளையா கொண்டுபோய்க் கொட்றீங்களே, அந்தக் காசுல இவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுக்கலாம்ல?" என்று மகளைக் காட்டினாள்.

கேட்க ஆளில்லை என்றால் கடன் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டேன். "அண்ணி வாயைத் திறந்தாலே பிரசங்கம்தான்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். கம்ப்யூட்டர் அவளுக்குத் தேவைதான். கல்லூரிப் பாடத்தையெல்லாம் நூலகத்தில் வரிசையில் நின்றுதான் அடிக்கிறாள்.

செப்டம்பர் 3

இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. எலுமிச்சம்பழம் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்த மாதிரி. எத்தனை நாளாக என்று கேட்டால், "இன்னைக்குத்தான் நீ பார்க்கிற" என்கிறார். அது பதிலா?

காலை ஜெபத்தில் கால்மணி நேரம் முழங்காலில் நின்றாலே எனக்கு எழுந்திருக்கச் சுவர் வேண்டியிருக்கிறது. இவர் பொழுதெல்லாம் சிமெண்ட் தரையில் அப்படி இருக்கிறார்.

செப்டம்பர் 8

டாக்டரிடம் போனோம். முழங்காலுக்கு மேலுள்ள பையில் நீர் கோத்திருக்கிறதாம். உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஆறு வாரம் மண்டி போடவே கூடாது.

"தோல் வெடிச்சிருக்கு பாருங்க. இது வழியா அழுக்கு உள்ள போச்சுன்னா சீழ் பிடிக்கும். அப்புறம் கஷ்டம். நின்னுக்கிட்டு செய்ற மாதிரி வேலை பார்க்க முடியாதா?"

"சுவருக்குன்னா சரி டாக்டர். தரை எங்க எழுந்து நிக்கும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனைக்கும் சிகிச்சைக்கும் சொன்ன தொகையை விடுங்கள். ஆறு வாரம் கூலி இல்லாமல்? மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு வருகிறோம் என்று சொல்லி வந்தோம்.

செப்டம்பர் 9

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுச் செலவுக் கணக்கில் இரண்டு வாரத்துக்கு இருக்கிறது. வரிக் கணக்கில் இருப்பது சிகிச்சைக்கும் ஆறு வாரச் சாப்பாட்டுக்கும் தாராளமாகப் போதும். அதை நான் கூட்டிப் பார்த்திருக்கவே கூடாது.

மகள் நேராகவே கேட்டாள். "அம்மா, அதுலருந்து எடுத்துக்கலாமே. மார்ச்சுக்கு இன்னும் ஆறு மாசத்துக்கு மேல இருக்கு. அப்பா சரியானதும் திரும்பப் போட்டுடலாம்."

"காணிக்கைப் பெட்டிக்குள்ள கை விட்டு, அடுத்த வாரம் போட்டுடறேன்னு சொல்லுவியா?"

"அது வேற, இது வேற மா."

"எனக்கு ஒன்னுதான்."

இவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளிடம், "அந்தப் பணத்துல கரண்ட் ஓடுது, தொட்டா தூக்கி அடிக்கும். விடு. நாலு நாள் படுத்தா வத்திடும்" என்றார்.

எனக்காகச் சொன்னாரா, தனக்கே அப்படித்தான் பட்டதா? கேட்கவில்லை. ஒருமுறை எடுத்துப் பழகிய கை மறுமுறை கூசாது. எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகள் அப்படித்தான் போயின. நான் செய்தது சரிதான்.

செப்டம்பர் 14

வேலைக்குப் போய்விட்டார். முழங்காலுக்குக் கட்டும் பட்டைக்குள் பழைய மெத்தையின் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 22

சுவர் வேலையாக மூன்று வந்தது. ஆண்டவர் இரங்கினார். வீக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது. வரிக் கணக்கில் எழுபத்தி எட்டாயிரம்.

ராத்திரி படுக்கப் போகும்போது நொண்டுகிறார். காலையில் சரியாகிவிடுகிறது.

நவம்பர் 6

எங்களுக்கு அதிகம் வேலை தரும் காண்ட்ராக்டருக்கு மகள் வைத்த பெயர் நாளைக்காரர். எப்போது போன் செய்தாலும், "நாளைக்கு கண்டிப்பா தம்பி." இரண்டு மாதக் கூலி அவரிடம் நிற்கிறது. வீட்டுக்காரர் வாடகைக்கு மூன்றாவது முறையாக வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்.

நாத்தனாரிடம் கடன் கேட்டேன். நான் கேட்டதே இல்லை, இதுதான் முதல். கொடுத்தாள். சும்மா கொடுப்பாளா?

"பேங்க்ல பணத்தை மூட்டை கட்டி வச்சுட்டு என்கிட்ட வந்து கை நீட்டுறீங்க. உங்க பக்தி நல்லாத்தான் இருக்கு அண்ணி. என் அண்ணன் நொண்டுறது மட்டும் உங்க கண்ணுல படலை."

வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது ஒரு பதிலும் மிச்சமில்லை.

நவம்பர் 25

நாளைக்காரர் பாதி கொடுத்தார். பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று, நாத்தனார் கடன், வாடகை. எங்களுக்கு முட்டை வாங்க மிஞ்சியது.

டிசம்பர் 31

வருஷக் கணக்கை முடித்தேன். வேலைவாரியாக, மாதவாரியாக, சிமெண்ட், பசை, வண்டி வாடகை, வெட்டு மெஷின் பிளேடு வரை. இரண்டு முறை கூட்டியும் ஒரே தொகை வந்தது. வரிக் கணக்கில் தொண்ணூற்றி எட்டாயிரத்து ஐந்நூறு. எந்த வரியும் இதைத் தாண்டாது.

நோட்டை மூடிவிட்டு முழங்காலில் நின்றேன். ஒரு வருஷம், ஒரு காசு தொடவில்லை. ஸ்தோத்திரம் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அதற்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்?

ஜனவரி 12

நூலகத்தில் மகள் தட்டச்சு செய்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் தொகை வந்தது. தொண்ணூற்றி ஆறாயிரம்.

"ஸ்தோத்திரம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பெரியவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். ஒரு பெரிய கணக்கரை வைத்திருந்தால்கூட இவ்வளவு நெருங்கியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே மகள் என் கையைத் தொட்டாள்.

"அம்மா... கீழ இன்னொன்னு இருக்கு."

நடப்பு ஆண்டுக்கான முன்பணம்: நாற்பத்தி எட்டாயிரம். இரண்டையும் சேர்த்து மார்ச் கடைசிக்குள் கட்ட வேண்டியது: ஒரு லட்சத்து நாற்பத்தி நாலாயிரம்.

தப்பாக ஏதோ அழுத்திவிட்டாள் என்று திட்டினேன். பாவம். திரும்ப முதலிலிருந்து செய்தாள். திரும்ப அதேதான்.

கையேட்டை வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்தேன். இருக்கிறது. முப்பதாம் பக்கத்துக்குப் பிறகு, 'தொழிலைத் தொடர்ந்து செய்பவர்களுக்கு' என்று தலைப்புப் போட்டு. இது பழைய ஆட்களுக்கு, நமக்கு முதல் வருஷம்தானே என்று அதைத் தாண்டிவிட்டேன். இந்த வருஷமும் அவ்வளவே சம்பாதிப்போம் என்று அவர்களாக வைத்துக்கொண்டு, அதில் பாதி வரியை இப்போதே கேட்கிறார்கள். இது தெரியாமல், எவ்வளவு எடுத்து வைப்பது என்று சொல்லும் பதினெட்டாம் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஜனவரி 13

இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? ஒரு வருஷமா கணக்கம்மா கணக்கம்மான்னு கூப்பிட்டாரே —

ஆண்டவரே, தொடாமல்தானே வைத்தேன்?

ஜனவரி 14

சொன்னேன். நான் அழ ஆரம்பித்ததும்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப நான் இன்னும் சம்பாதிக்காத காசுக்கு இப்பவே கேக்குறாங்க. என் மேல அவ்வளவு நம்பிக்கையா? எங்கப்பாவுக்கே இல்லையே!"

மகள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டே.

பிறகு பால்கனிக்குப் போய் நாளைக்காரருக்குப் போன் போட்டார். கதவு பாதி திறந்திருந்தது. "தரை வேலையா இருந்தாலும் பரவால்லண்ணே. பெருசா இருந்தா நல்லது" என்று சொன்னது காதில் விழுந்தது.

ஜனவரி 18

புதிதாகக் கட்டும் ஒரு பெரிய கடையின் கீழ்த்தளம் முழுவதும். எல்லாம் தரை. இரண்டு ஆள் தூக்கும் அளவுக் கற்கள். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முடித்தால் அறுபதாயிரம். இருபதாயிரம் முன்னாலேயே கொடுத்துவிட்டார் நாளைக்காரர். அவருக்கு எவ்வளவு அவசரம் என்று அதிலேயே தெரிகிறது.

"கால்?" என்று கேட்டேன்.

"அது என்கிட்ட ஒன்னும் சொல்லலையே."

போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. கூடக் கொஞ்சம் பஞ்சு வைத்துப் பட்டையைப் பிரித்துத் தைத்தேன்.

ஜனவரி 24, ஞாயிறு

ஆராதனைக்கு வரவில்லை. வேலைக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து இப்படிச் செய்ததில்லை. பாஸ்டர் கேட்டபோது உடம்பு சரியில்லை என்றேன். சபை வாசலிலேயே பொய்.

ஜனவரி 29

பேண்டைத் துவைக்க எடுத்தேன். இடது முழங்கால் பக்கம் உள்ளே மஞ்சளாக ஒட்டி விறைத்திருந்தது. பசை என்றார். டைல்ஸ் பசை எனக்குத் தெரியாதா? பதினேழு வருஷமாக அதைத்தானே துவைக்கிறேன்.

காட்டுங்க என்றேன். காட்டவில்லை. "இன்னும் ஒரு வாரம்மா. முடிச்சுட்டு நேரா டாக்டர்கிட்டதான். நீயே கூட்டிட்டுப் போ."

கையைத் தொட்டால் சுடுகிறது.

பிப்ரவரி 3

மகள் கெஞ்சினாள். நான் கெஞ்சினேன். இன்னும் இரண்டு அறைதான் பாக்கியாம். போக வேண்டாம் என்று நான் ஒளித்து வைத்த பட்டையை, பீரோவுக்குப் பின்னாலிருந்து தானே தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 6, சனி

கடைத் தளத்திலிருந்து கூட வேலை செய்பவர் போன் செய்தார். மண்டி போட்டவர் எழுந்திருக்கவில்லை, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று. நான் போவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கால் தொடை வரைக்கும் சிவந்து பளபளவென்று இருந்தது. என்னைப் பார்த்து, "ஒரே ஒரு ரூம்தான் பாக்கி" என்றார்.

உடனே ஆபரேஷன் என்றார்கள். முதலில் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும். எங்கிட்ட இருக்குங்க, பேங்க்ல இருக்கு என்றேன். சரி, கார்டைக் கொடுங்க என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

கார்டு.

சனிக்கிழமை மதியம். வங்கி சாத்தியாயிற்று. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். லட்சத்துக்கு மேல பணத்தை வச்சுக்கிட்டு கவுண்டர்ல நிக்கிறேன், கையில ஒன்னுமில்ல. அந்தப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பார்க்கிறா. நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டா. கார்டை வெட்டிட்டேம்மான்னு சொன்னா யாரு நம்புவா? எதுக்கு வெட்டினீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?

நாத்தனாரை மகள் கூப்பிட்டாள். ஊசி குத்திய சட்டையோடு, கழுத்தில் அளவு நாடா தொங்க, அப்படியே ஓடி வந்தாள். துணிப் பையிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்து எண்ணாமல் கவுண்டரில் வைத்தாள். மெஷின் மாற்றச் சேர்த்தது. என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஏதாவது கேளேன் என்று அவள் கையைப் பிடித்தேன். "அண்ணி, முகத்தைக் கழுவிட்டு வாங்க, டாக்டர் பேசணுங்கறார்" என்றாள்.

பிப்ரவரி 7, ஞாயிறு

ஜெபம் வரவில்லை.

பிப்ரவரி 8

வங்கி திறந்ததும் முதல் ஆளாக நின்றேன். வரிக் கணக்கிலிருந்து எழுபத்தி இரண்டாயிரம் எடுத்தேன். கை கூசும் என்று நினைத்தேன். கூசவில்லை. நாத்தனாருக்கு ஐம்பது. ஆஸ்பத்திரிக்கு மீதி.

எவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு சீட்டில் ஒரு கையெழுத்து.

பிப்ரவரி 17

இரண்டாவது முறையும் திறந்து கழுவினார்கள். இன்று பெரிய டாக்டர் என்னையும் மகளையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சீழ் மூட்டுக்குள் போய் உள்ளே அரித்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை. நடப்பார், குச்சி வேண்டியிருக்கும். கால் மடங்காது.

"என்ன வேலை செய்றார்?"

சொன்னேன்.

"அதை மறந்துட வேண்டியதுதாம்மா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "முன்னாடி எப்பவாவது வீங்கி இருந்துச்சா? யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "செப்டம்பர்ல காட்டினோம் டாக்டர்" என்று அவள்தான் சொன்னாள்.

நாற்பத்தி ஏழு வயது.

பிப்ரவரி 26

வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் நேராகக் குச்சி போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. இருக்கிற ஒரு அறையில் யார் நடந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். "டோல்கேட் போட்டுட்டேன், காசு குடுத்துட்டுப் போ" என்கிறார் மகளிடம்.

அவள் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். என்னிடம் மட்டும் இன்னும் சரியாகப் பேசவில்லை.

மார்ச் 2

வரி அலுவலகத்துக்கு நானே போனேன். காலில் விழுந்தாவது கேட்பது என்றுதான் போனேன். கட்ட வேண்டியது ஒரு லட்சத்து நாற்பத்தி நாலு. கையில் அதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

விசாரணை மேசையில் என் வயசு அம்மா ஒருத்தி. இருமிக்கொண்டே இருந்தாள். ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். நடுவில் வெட்டவில்லை.

"தவணை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள். "கெடுவுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணா போதும். பன்னெண்டு மாசம் வரைக்கும் பிரிச்சுக் குடுப்போம். தினம் பத்துப் பேருக்கு குடுக்கிறேன்."

"போன் பண்ணா போதுமா?"

"போதும்."

"செப்டம்பர்ல... உடம்பு சரியில்லைன்னு அந்தக் காசை எடுத்துச் செலவு பண்ணிட்டு, அப்புறம் வந்து கேட்டிருந்தாலும்?"

"காசு எங்க போச்சுன்னு நாங்க கேக்க மாட்டோமேம்மா. உங்க காசுதானே."

உங்க காசுதானே என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

பிறகு திரையைப் பார்த்துவிட்டு, தொழில் இப்போது நடக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இனிமேல்? இல்லை என்றேன். "அப்ப முன்பணம் எதுக்கு? வருமானம் வராதுன்னா அது வேண்டியதே இல்ல. இந்த மனுவை நிரப்புங்க" என்று ஒரு தாளைத் தள்ளினாள். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. 'முழங்கால்' என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் விவரமா எழுதணும்மா."

மார்ச் 3

வரி காத்திருக்குமாம்.

மார்ச் 9

நாளைக்காரர் வீட்டுக்கே வந்தார். பாக்கி நாற்பதாயிரத்தையும் கொண்டு வந்திருந்தார். முடிக்காத அந்த ஓர் அறைக்குக்கூடப் பிடிக்கவில்லை. நீட்டியிருக்கும் காலைப் பார்க்காமல் சுவரில் எங்கெங்கோ பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

"என்னண்ணே, நாளைக்குத்தானே வருவீங்க, இன்னைக்கே வந்துட்டீங்க?" என்றார் இவர்.

அவருக்கு டீ புரையேறிவிட்டது. படியிறங்கும்போது அழுதார் என்று கீழ்வீட்டு அம்மா சொன்னாள். கிளம்பும் முன் வெட்டு மெஷினைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி விலை கேட்டார். இவர் தலையாட்டினார்.

மார்ச் 14, ஞாயிறு

ஆராதனைக்கு அழைத்துப் போனோம். எல்லோரும் முழங்காலில் நின்றபோது இவர் மட்டும் பெஞ்சின் ஓரத்தில், கால் நடைபாதையில் நீட்டியபடி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நானும் முழங்காலில் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பாஸ்டர், சோதனைகளில் ஆண்டவருடைய சித்தம் நமக்குப் புரிவதில்லை என்றார். எனக்குச் சித்தம் எல்லாம் பெரிய வார்த்தை. நான் ஒன்றுதான் கேட்டேன். அந்தப் பணத்தை உம்முடையது என்று நான்தானே சொன்னேன். நீர் கேட்டீரா?

மார்ச் 24

கடிதம் வந்தது. தொழில் நின்றுவிட்டதால் முன்பணம் தள்ளுபடி. நாற்பத்தி எட்டாயிரம் கட்ட வேண்டியதில்லை. தொண்ணூற்றி ஆறாயிரத்தில் பாதியை இந்த மாதம் கட்டி, மீதியை ஆறு தவணையில் கட்டலாம்.

கடிதத்தை வாங்கி இவர் இரண்டு தடவை படித்தார்.

"இந்த நாற்பத்தி எட்டுக்காகத்தானே அந்தக் கடைக்குப் போனேன்?"

ஆமாம் என்றேன்.

"பரவால்ல. முழங்கால் என்ன விலைன்னு இப்பவாவது தெரிஞ்சுச்சு. கவர்ன்மெண்டே முத்திரை குத்திக் குடுத்துருச்சு பாரு" என்று கடிதத்தை ஆட்டிச் சிரித்தார்.

இந்த முறை மகள் சிரிக்கவில்லை. நான் துணி எடுக்கிற மாதிரி பால்கனிக்குப் போய் நின்றேன். கொடியில் துணி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து பக்கத்தில் நின்றாள். என் முந்தானையைப் பிடித்து அதன் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், சின்ன வயசில் செய்வது போல.

மே 7

சலவைக்கூடத்தில் முதல் மாதச் சம்பளம். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் விடும் வேலை. ஒரு முனை எனக்கு, மறு முனை எதிரில் நிற்பவளுக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடி. நாத்தனார் சொல்லி வாங்கிக் கொடுத்த இடம்.

வரியை அவர்களே பிடித்துக்கொண்டு சீட்டோடு கொடுத்தார்கள். ஆண்டவர் பங்கை எடுத்தேன். இரண்டாவது தவணையை எடுத்து, மேசை இழுப்பறையிலேயே வைத்தேன். பூட்டவில்லை.

இவர் சமைத்திருந்தார். உப்பு அதிகம். மகள் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒன்னுமில்லங்க" என்றேன்.